தாண்டுபாட்டா, சப்பியா, இசைநிறையா: வியாழனுக்குள் ஒரு சொல் வேணும்

கிளிநொச்சியிலிருந்து, திங்கள் காலை

எல்லாருக்கும் வணக்கம்.

வருகிற சனிக்கிழமை பின்னேரம் வாசிகசாலையில், மின்கருவிகளால் இசை செய்கிற ஜெர்மன் குழுவான கிராஃப்ட்வெர்க் கேட்கிறோம். 1974இல் வந்த 'ஆட்டோபான்' தொடங்கி 2003இல் வந்த 'டூர் டி பிரான்ஸ்' வரை எட்டு இசைத்தட்டுகள். எல்லாவற்றையும் முழுதாகப் போட நேரம் போதாது, அதனால் வருகிறவர்களுக்கு ஒரு சீட்டுக் கொடுக்கிறோம். போன தடவை மிகப் பிடித்த பாட்டைக் கேட்டோம். எல்லாரும் அதே மூன்றை எழுதிக் கொடுத்தார்கள், கதை அதோடு முடிந்தது. இந்தத் தடவை மறுபக்கம். இந்தக் குழுவை உயிராக நினைக்கிற உங்களுக்கே எந்தப் பாட்டு வந்தால் கை தானாகப் போய் அடுத்ததை அழுத்துகிறது?

சீட்டின் தலைப்புத்தான் சிக்கல். ஆங்கிலத்தில் ஸ்கிப் என்றும் ஃபில்லர் என்றும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். 'ஆகக் குறைவாக விரும்பப்படும் பாடல்' என்று எழுதிப் பார்த்தேன், கந்தோர்ப் படிவம் மாதிரி இருக்கிறது. அச்சகம் வியாழன் மத்தியானத்துக்குள் கேட்கிறது. ஒரு நல்ல சொல் தாருங்கள்.

என்னுடையது 1986 தட்டில் உள்ள தொலைபேசிப் பாட்டு. டயல் சத்தத்தை வைத்து எட்டு நிமிடம். மூன்றாவது நிமிடத்திலேயே தொலைபேசியை வைத்துவிடலாம் போல இருக்கும்.


முள்ளியவளையிலிருந்து, திங்கள் இரவு

தம்பி, புதுச்சொல் எதற்கு? தொல்காப்பியர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இடையியலில் இடைச்சொற்களை வகைப்படுத்தும்போது 'இசைநிறைக் கிளவி' என்று ஒன்றைச் சொல்கிறார். பொருளுக்கு வேண்டியதில்லை, ஓசை குறையாமல் நிறைப்பதற்காக வருவது. ஃபில்லர் என்று வெள்ளைக்காரன் சொல்வது இதைத்தானே? இசைத்தட்டில் ஒரு பக்கத்தை நிறைக்க வைத்த பாட்டு இசைநிறை. ஒரு எழுத்துக்கூட மாற்ற வேண்டியதில்லை.

இன்னும் நுணுக்கம் வேண்டுமென்றால் நன்னூலின் பத்துக் குற்றங்களை எடுங்கள். நான் தாண்டுகிற பாட்டு 'ஆட்டோபான்' தான். 22 நிமிடத்துக்கு மேலே ஓடுகிறது. அது 'சென்று தேய்ந்து இறுதல்'. முதல் 6 நிமிடம் காற்று முகத்தில் அடிக்கிற மாதிரி இருக்கும், அதன் பிறகு மாங்குளத்துக்கும் ஓமந்தைக்கும் நடுவில் பஸ் பழுதாகி நின்ற மாதிரி. 'கூறியது கூறல்' என்ற குற்றத்தை மட்டும் இந்த இசைமேல் சுமத்தக்கூடாது. திரும்பத் திரும்ப வருவதுதான் இதன் அழகே. நன்னூலார் இதைக் கேட்டிருந்தால் அந்த ஒன்றுக்கு விதிவிலக்கு எழுதியிருப்பார் என்று உண்மையாகவே நம்புகிறேன்.


வவுனியாவிலிருந்து, செவ்வாய் காலை

ரீச்சர், கோபிக்காதீங்கோ. 'இசைநிறை' என்று சீட்டில் போட்டால் எங்கள் வகுப்புப் பிள்ளைகள் 'இசை நிறைந்த பாட்டு' என்றுதான் வாசிப்பார்கள். ஆகப் பிடித்ததை எழுதித் தந்துவிடுவார்கள். பொருள் தலைகீழாகிற சொல் எவ்வளவு பழையதாக இருந்தாலும் உதவாது.

அப்புறம், ஃபில்லர் வேறு, ஸ்கிப் வேறு. 1975இன் வானொலித் தட்டில் பாட்டுகளுக்கு நடுவே சின்னச் சின்னத் துண்டுகள் வரும். செய்தி வாசிப்பு, ஒரு இடைவேளைத் துண்டு, மின்சாரமே பேசுகிற மாதிரி ஒரு குரல். அவை இடத்தை நிறைக்கத்தான் வந்தன, ஆனால் நான் ஒன்றைக்கூடத் தாண்ட மாட்டேன். றேடியோவில் அலைவரிசை தேடித் திருப்புகிற உணர்வு அவற்றில்தான் இருக்கிறது. நான் தாண்டுவது முழுநீளப் பாட்டு ஒன்றை: ஹனோவர் உலகக் கண்காட்சிக்காகச் செய்த 'எக்ஸ்போ 2000'. அது விளம்பரத்துக்கென்று பிறந்தது, எத்தனை தரம் கேட்டாலும் அந்த வாசம் போகவில்லை.

நான் சொல்வது 'தாண்டுபாட்டு'. மின்னணு இசை கேட்கிற எவருக்கும் உடனே விளங்கும்.


மாங்குளத்திலிருந்து, செவ்வாய் மத்தியானம்

பிள்ளைகளே, வயலுக்குப் போய் வந்து எழுதுகிறேன்.

வன்னியில் இருந்துகொண்டு இதற்குச் சொல் தேடுகிறீர்களா? சூடடித்து நெல்லைத் தூற்றினால் மணி காலடியில் விழும், காற்றோடு போய்த் தள்ளி விழுவது சப்பி. வெளியே பார்த்தால் நெல் மாதிரியே இருக்கும், விரலால் நசுக்கினால் உள்ளே ஒன்றும் இல்லை. பாட்டு மாதிரியே இருக்கும், உள்ளே ஒன்றும் இல்லாதது சப்பிப்பாட்டு. இதைவிடப் பொருத்தமாக எந்தச் சொல் இருக்கிறது? நூல் ஆதாரம் வேண்டுமென்றால் வள்ளுவர் பயனில சொல்லாமையில் 'மக்கட் பதடி' என்கிறார். பதடி, பதர், சப்பி எல்லாம் ஒரே குடும்பம்.

'சாவி' என்றும் ஒரு சொல் உண்டு, கருகி மணி பிடிக்காமல் போன பயிர். தமிழ்நாட்டில் சாவி என்றால் பூட்டைத் திறப்பது, போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல். அங்கே 'சாவிப்பாட்டு' என்றால் குழம்பிப் போவார்கள். எங்களுக்கு அது திறப்பு. ஆகவே பயிர்ச்சாவி எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. ஆனாலும் சப்பிதான் என் முதல் தெரிவு.

இன்னொன்றும் சொல்ல வேணும், பல நாளாக மனதில் கிடக்கிறது. எலெக்ட்ரோன் என்பது கிரேக்கத்தில் அம்பர் என்கிற மரப்பிசின் கல்லுக்குப் பெயர். அதைத் துணியில் தேய்த்தால் துரும்பை இழுக்கும். அந்த இழுவையைப் பார்த்துத்தான் மின்சாரத்துக்கே அந்தப் பெயர் வந்தது. பாரசீகத்தில் அம்பருக்கு வைக்கோலைக் கவர்வது என்ற பொருளிலேயே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆகவே இலத்திரனுக்கும் சப்பிக்கும் உறவு இன்று நேற்று வந்ததல்ல. இலத்திரனியல் இசையில் வேண்டாத பாட்டுக்குச் சப்பி என்று பெயர் வைத்தால் அது வேர்வரைக்கும் போகும்.


முள்ளியவளையிலிருந்து, செவ்வாய் பின்னேரம்

வவுனியாப் பிள்ளை, 'மின்னணு' என்று எழுதியிருக்கிறாய். எங்கள் பாடநூலில் இலத்திரனியல் என்றுதான் இருக்கிறது. அணு வேறு, இலத்திரன் வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால் விஞ்ஞான ரீச்சர்மார் என்ன செய்வார்கள்? ஐயா சரியாக எழுதியிருக்கிறார்.

'தாண்டுபாட்டு' பற்றி ஒன்று சொல்லலாம். இலக்கணம் சரி. ஊறுகாய் மாதிரி வினைத்தொகை. தாண்டிய பாட்டு, தாண்டுகிற பாட்டு, தாண்டும் பாட்டு மூன்றும் அதற்குள் அடங்கும். வல்லினம் மிகாது. அச்சகத்தில் 'தாண்டுப்பாட்டு' என்று ஒற்றைப் போட்டுவிடுவார்கள், கவனம். ஆனால் இதை நான் ஏற்றுக்கொண்டேன் என்று எடுக்க வேண்டாம். இசைநிறையை விளங்கவில்லை என்று தள்ளினால், விளங்குகிற நாள் எப்போதுதான் வரும்? சொல்லைப் புழங்க வைப்பதும் எங்கள் வேலைதான்.


ஜெர்மனியிலிருந்து, செவ்வாய் இரவு

நான் முல்லைத்தீவுக்காரன். இப்போது இருப்பது டுஸ்ஸல்டோர்ஃபுக்குப் பக்கத்தில். குழு பிறந்த ஊர் அது. கிராஃப்ட்வெர்க் என்பது இங்கே சாதாரணச் சொல், மின்நிலையம் என்று அர்த்தம். சீட்டில் அதையும் தமிழில் போடலாம்.

ஒரு சந்தேகம். 'ஆட்டோபான்' வருவதற்கு முன் 1970க்கும் 1973க்கும் இடையில் மூன்று தட்டுகள் செய்தார்கள். குழுவே அவற்றை மறுபதிப்புச் செய்யவில்லை. 2009இல் வந்த எட்டுத் தட்டுப் பெட்டியிலும் அவை இல்லை. ஆக்கியவனே தாண்டியதற்கு என்ன சொல்? அதுவும் தாண்டுபாட்டா? ரீச்சர் தேய்கிறது என்ற 22 நிமிடத்தையும் தனித்தட்டுக்காக மூன்றரை நிமிடம் அளவுக்கு வெட்டினார்கள். வெட்டின பகுதியையும் இதற்குள் சேர்க்கலாமா?


புதுக்குடியிருப்பிலிருந்து, புதன் அதிகாலை

நித்திரை வரவில்லை, அதனால் இப்போதே எழுதுகிறேன்.

97ஆம் ஆண்டு எனக்குப் பன்னிரண்டு வயது. பெரியம்மாவின் மகன் ஜெர்மனியிலிருந்து முந்திக் கொடுத்துவிட்ட கசற் ஒன்று வீட்டில் இருந்தது. 1977இல் வந்த ரயில் தட்டு. கரண்ட் இல்லை, பற்றரி தடைசெய்த பொருள். எல்லா வீட்டிலும் செய்ததைத்தான் நாங்களும் செய்தோம். சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோவைப் பின் ரயரில் முட்டவைத்து, அதிலிருந்து இரண்டு வயரைக் கசற் றேடியோவுக்கு இழுத்தோம். நான் றேடியோவுக்குப் பக்கத்தில் குந்தியிருப்பேன், தம்பி நிலத்தில் இருந்து பெடலைக் கையால் சுற்றுவான்.

அந்தத் தட்டின் முதல் பாட்டு பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. தம்பி அதைச் சீராகச் சுற்றுவான், ரயில் போகிற மாதிரியே இருக்கும். இரண்டாவது கண்ணாடி மண்டபத்தைப் பற்றிய பாட்டு, எட்டு நிமிடம் வரும். அது தொடங்கும்போது அவனுக்குக் கை உளையத் தொடங்கியிருக்கும். சுற்று குறையும். பாட்டும் இறங்கும். குரல் கிணற்றுக்குள் போகும், தாளத்துக்கும் தாளத்துக்கும் நடுவில் டைனமோ ரயரில் உரசுகிற கரகரப்புத்தான் கேட்கும். நான் 'சுற்றடா' என்று கத்த, திடீரென்று பாட்டு எழும்பி ஓடும், பிறகு திரும்பவும் இறங்கும். எனக்கு அந்தப் பாட்டைக் கண்ணிலும் காட்டக்கூடாது. கசற்றை முன்னுக்கு ஓட்டினால் கரண்ட் வீணாகும் என்று பென்சிலைப் பல்லில் கொடுத்து விரலால் சுற்றித் தாண்டுவேன். எங்கே நிறுத்த வேண்டும் என்று விரலுக்குத் தெரியும்.

பல வருடம் கழித்துக் கைத்தொலைபேசியில் சரியான வேகத்தில் கேட்டேன். அருமையான பாட்டு. நடக்கிற காலடி மாதிரி ஒரு எதிரொலி அதற்குள் இருக்கிறது, அதை நான் அதுவரை கேட்டதே இல்லை. இருந்தும் இன்றைக்கும் அது வந்தால் விரல் அடுத்ததற்குப் போய்விடுகிறது. தம்பியோ அந்தப் பாட்டைத்தான் ஆகத் திறம் என்கிறான். இறுவட்டில் இருப்பது அவசரப்படுகிறதாம், தான் சுற்றினதுதான் சரியான வேகமாம். சனிக்கிழமை வருவான், கேட்டுப் பாருங்கள்.

ஆகவே ஐயா, சப்பி என்று என்னால் எழுத முடியாது. அந்தப் பாட்டுக்குள் மணி இருக்கிறது. இசைநிறையும் இல்லை, அது எதையும் நிறைக்க வந்த பாட்டில்லை. சொல் பாட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக்கூடாது, என் விரல் செய்ததைச் சொன்னால் போதும். தாண்டுபாட்டு.


மாங்குளத்திலிருந்து, புதன் பின்னேரம்

தம்பி, வாசித்துவிட்டுக் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தேன். ஆனாலும் விட்டுக்கொடுக்க முடியாது, ஏனென்றால் நீங்கள் சொன்ன கதை என் பக்கம்தான் நிற்கிறது.

சப்பி ஏன் வருகிறது? விதை கெட்டதாலா? இல்லை. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் இரணைமடுத் தண்ணீர் பத்து நாள் வராவிட்டால், அதே விதைநெல், அதே வயல், பாதி சப்பியாகிவிடும். நெல்லைக் குற்றம் சொல்கிற விவசாயி ஒருத்தனும் இல்லை. உங்கள் பாட்டுக்கும் பால் பிடிக்கிற நேரத்தில்தான் கரண்ட் குறைந்தது. இறங்கிப் போன அந்தப் பாட்டுக்குச் சப்பி என்று சொன்னால் அது தீர்ப்பு இல்லை, நடந்தது. தாண்டுபாட்டு என்ற சொல்லில் ஏன் தாண்டினீர்கள் என்பது இல்லை. என் சொல்லில் இருக்கிறது.


வவுனியாவிலிருந்து, புதன் இரவு

ஐயா, இதை வாசித்தபிறகு சப்பியில் எனக்கும் விருப்பம் வந்துவிட்டது. ஆனால் இவ்வளவு விளக்கத்தையும் சீட்டில் அச்சடிக்க இடம் இல்லையே. என்னோடு படிக்கிற பிள்ளைகள் பாதிப்பேர் தூற்றுவதைப் பார்த்ததே இல்லை, இப்போது அறுவடை இயந்திரமே வெட்டி அடித்துச் சாக்கில் போட்டுவிடுகிறது.


கிளிநொச்சியிலிருந்து, வியாழன் காலை

எல்லாருக்கும் நன்றி. எழுதினவர்களில் பெரும்பாலானவர்கள் தாண்டுபாட்டு என்கிறார்கள், சிலர் களைத்துப்போய் 'எதையாவது போடுங்கள்' என்று தனியாக எழுதியிருக்கிறார்கள். ஆகவே 'உங்கள் தாண்டுபாட்டு எது, ஏன் தாண்டுகிறீர்கள்?' என்று அனுப்பிவிட்டேன், ஒற்று இல்லாமல். ஐயாவின் 'ஏன்' அதற்குள் வந்துவிட்டது. 'இலத்திரனியல்' என்றே போட்டிருக்கிறேன். மின்நிலையத்தைப் போடவில்லை, சனம் மின்சார சபைக் கூட்டம் என்று நினைத்துவிடும்.


முள்ளியவளையிலிருந்து, வியாழன், முற்பகல் 11 மணி

தம்பி, ஒரு நிமிடம். 1981 தட்டில் எண்களை மட்டும் சொல்கிற ஒன்று இருக்கிறது. ஜெர்மன், ஆங்கிலம், ஜப்பான், ரஷ்யன் என்று பல மொழியில் எண்ணுவார்கள், வேறு வரியே இல்லை. அதைப் பாட்டு என்று சொல்லலாமா? வானொலித் தட்டின் துண்டுகளுக்கும் இதே கேள்வி. பாட்டென்றால் பா வேண்டும். இசை என்றால் எல்லாம் அடங்கும். தாண்டு மென்தொடர்க் குற்றியலுகரம், உயிர் வந்தால் உகரம் ஓடிவிடும்: தாண்டிசை. தாழிசையோடு பக்கத்தில் வைத்துச் சொல்லிப் பாருங்கள், எவ்வளவு அழகாக இருக்கிறது. மத்தியானத்துக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறது. அச்சகத்தின் தொலைபேசி இலக்கத்தை அனுப்புங்கள்.