வெனிசுவேலா 2024 தேர்தல்: தகவல்பெட்டியில் யாருடைய எண்ணைப் போடுவது?

வெனிசுவேலாவின் 2024 ஜூலை 28 அதிபர் தேர்தல் பற்றிய விக்கி கட்டுரையில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். அப்போதைய அதிபர் மதுரோவுக்கு 51.95 சதவீதம் என்று அறிவித்த தேர்தல் ஆணையம் வாக்குச்சாவடி வாரியான விவரத்தை வெளியிடவே இல்லை. எதிர்க்கட்சியோ பெரும்பாலான சாவடிகளின் எண்ணிக்கைத் தாள்களை இணையத்தில் ஏற்றிவிட்டு, தன் வேட்பாளர் கொன்சாலெஸுக்கு ஏறத்தாழ 67 சதவீதம் என்கிறது. இரண்டையும் ‘ஆணையம் அறிவித்தது’, ‘எதிர்க்கட்சி கூறுகிறது’ என்று பிரித்து எழுதிப் பார்த்தேன். ஒருவர் ஒன்றை நீக்குகிறார், அப்புறம் இன்னொருவர் வந்து மற்றதை. முடிவைச் சரிபார்க்க முடியவில்லை என்ற, தேர்தல்களைக் கண்காணிக்கும் அமெரிக்க அமைப்பான கார்ட்டர் மையத்தின் அறிக்கையைச் சேர்த்தால் ‘வெளிநாட்டுக் கருத்து’ என்று தூக்கிவிட்டார்கள் (ஆணையமே அழைத்த பார்வையாளர்கள் அவர்கள்!). பேச்சுப் பக்கத்தில் கேட்டும் பதில் இல்லை. சரி, உரையில் சமாளிக்கலாம், தகவல்பெட்டியில் (கட்டுரையின் ஓரத்தில் வரும் சுருக்கப் பெட்டி) இடமே கிடையாது. அங்கே இரண்டு எண்களையும் ஆதாரத்தோடு போடுவதா, எண்ணே இல்லாமல் ‘முடிவு சர்ச்சைக்குரியது’ என்று மட்டும் விடுவதா?