லோட்ஷெடிங்கில் கிடைத்த ரிசல்ட்டைத் தீசிஸில் சேர்க்கலாமா?

சக்கைப்புலி (டர்பன்):
நான் செய்வது கரும்புச் சக்கையிலிருந்து ஃபர்ஃபுரால் என்ற எண்ணெய் போன்ற ரசாயனம். சக்கையிலிருந்து இதை எடுக்கும் செசெலா சர்க்கரை ஆலைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். அன்று ராத்திரி ரியாக்டர் 170 டிகிரியில் ஓடும்போது லோட்ஷெடிங்கில் கரண்ட் போய்விட்டது. ஸ்டிரர், ஹீட்டர், அளவுகளைப் பதியும் டேட்டா லாகர் எல்லாம் அவுட். வாயுவை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹூடும் நின்றுவிட, கசப்புப் பாதாம் வாடை அறை முழுக்கப் பரவியது.

ஆற விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். சாட்ஸ்வர்த்திலிருந்து வரும் லேப் டெக்னீஷியன் அங்கிள் விடவில்லை. "உள்ளயே விட்டா தார் ஆயிடும் தம்பி" என்று சொல்லிக்கொண்டே, ஆவியைக் குளிரவைத்துத் திரவமாக்கும் கண்டென்சர் பக்கத்து வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார். ஒரு கை வால்வில், இன்னொரு கையில் டார்ச். பிரஷர் கேஜைப் பார்த்து அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். குழாய்த் தண்ணீர் நல்லவேளை வந்துகொண்டிருந்தது. குடுவையில் பால்போல் வெள்ளையாகச் சொட்டியது, கனமான எண்ணெய் அடியில் போய்த் தங்கியது.

மறுநாள் ஜிசியில் (கலவையில் எது எவ்வளவு என்று காட்டும் கருவி) பார்த்தால், வழக்கமாக ஆற விட்டு எடுக்கும் ரன்களைவிட ஈல்டு, அதாவது கிடைத்த ஃபர்ஃபுரால், அதிகம். கைடு ஒரே வரியில் முடித்துவிட்டார்: "கன்ட்ரோல் இல்லாத ரன், தீசிஸிலிருந்து எடுத்துவிடு." எடுத்துவிட்டேன். மனசு மட்டும் ஆறவில்லை.

பழையமாணவன்:
கைடு சொன்னது சரி. ஒரே ரன்னை வைத்து என்ன நிரூபிப்பீர்கள்? அதோடு, ஹூட் நின்ற பிறகு ரியாக்டரைத் திறந்துவிடுவதா? ஃபர்ஃபுரால் மூச்சிலும் போகும், தோல் வழியாகவும் ஏறும். அங்கிள் கைராசிக்காரராகவே இருக்கட்டும், நான் அங்கே இருந்திருந்தால் வெளியே ஓடியிருப்பேன். புதுக் கண்டுபிடிப்பு என்றும் நினைக்க வேண்டாம். அழுத்தத்தை மெல்லக் குறைத்து, திரவத்தைக் கொதிக்க வைத்து, ஃபர்ஃபுராலை ஆவியோடு வெளியேற்றுவது சைட்ஷ் என்பவரின் சுப்ரயீல்ட் என்ற ஃபர்ஃபுரால் தயாரிப்பு முறையிலேயே இருக்கிறது.

ரெடுயிகாரி (மொரீஷியஸ்):
எனக்கும் ஒன்று நடந்தது. அறுவடை முடிந்த பிறகு ஒரு சக்கை மூட்டையைப் பிரித்தேன். உள்ளே சூடு, ஆவி, புளித்த வாடை. அதே சக்கையில் மற்றவர்கள் ரன் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

அதனால் சொல்கிறேன், முதலில் உங்கள் சக்கையைப் பாருங்கள். ஆலையிலிருந்து வரும்போதே பாதிக்குப் பாதி தண்ணீர்தான். மிச்சச் சர்க்கரையும் இருப்பதால் குவித்து வைத்தால் புளிக்கும். வந்த அன்றே பரப்பிக் காயவையுங்கள். ஈரப்பதம் பார்க்கத் தனியாகக் கொஞ்சம் எடுத்து 105 டிகிரியில் எடை மாறாத வரை வையுங்கள். மீதியைச் சலித்து, நன்றாகக் கலந்து, பிரித்து மூடுங்கள். எந்த ஆலை, எந்த மாதம் என்று மூட்டை மேலேயே எழுதுங்கள். சக்கையில் ஃபர்ஃபுராலாக மாறக்கூடிய பொருளான பென்டோசானின் அளவு தெரியாமல் ஈல்டு சதவீதம் போடுவதில் அர்த்தமே இல்லை. அப்புறம் ஒரு யுபிஎஸ் வாங்குங்கள்.

சக்கைப்புலி:
அக்கா, எல்லா ரன்னுக்கும் ஒரே மூட்டைதான். ஈரப்பதமும் பார்த்திருக்கிறேன். யுபிஎஸ் வாங்கப் பணம் இருந்தால் நான் ஏன் இங்கே எழுதப்போகிறேன்? பழையமாணவன், அந்த முறை தெரியும். தெரிந்த முறை என்றால் ரன்னைத் தூக்க என்ன காரணம்?

ஆவிமேசை:
கேஜ் அளவுகள் கையில் இருக்கிறதே! 170 டிகிரி நிறைவுற்ற நீராவிக்கு ஏறக்குறைய 8 பார். வளிமண்டல அழுத்தத்தைக் கூட்டி ஸ்டீம் டேபிளில் (எந்த அழுத்தத்தில் நீராவி எந்த வெப்பநிலை என்ற அட்டவணை) பார்த்தால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் தோராய வெப்பநிலை கிடைக்கும். ஆசிட்டும் ஃபர்ஃபுராலும் கலந்திருப்பதால் கொஞ்சம் பிசகும், அதையும் எழுதிவிடுங்கள். பின்னிணைப்பில் போட கைடு ஒத்துக்கொள்வார். பகலில், ஹூட் ஓடும்போது, வேண்டுமென்றே ஹீட்டரை அணைத்து அதையே திரும்பச் செய்யுங்கள். வால்வை அங்கிளே பிடிக்கட்டும். நன்றிப் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறதா?