கிம் டாட்காம் அரசியலில் இறங்கியது: உங்களுக்கு இன்னும் உறுத்தும் கட்டம் எது?

ஓரப்பார்வை
கிம் டாட்காமோட கோப்புப் பகிர்வுத் தளம் மெகாஅப்லோடு, பதிப்புரிமை வழக்குல அமெரிக்கா கேட்டு நியூசிலாந்து போலீஸ் அவர் வீட்டுல நடத்தின 2012 ஜனவரி ரெய்டு எல்லாம் தெரிஞ்ச கதை. அப்புறம் அங்கேயே இன்டர்நெட் கட்சின்னு ஒண்ணு தொடங்கினார். எனக்கு உறுத்துறது 2014 செப்டம்பர் 15, ஆக்லாந்து டவுன் ஹால். தேர்தலுக்கு அஞ்சே நாள். மேடையில பத்திரிகையாளர் கிளென் கிரீன்வால்ட், திரையில அரசு ரகசியங்களை வெளியிட்ட ஸ்னோடனும் அசாஞ்சும். ஆனா கூட்டம் காத்திருந்தது ஒரு ஈமெயிலுக்கு. டாட்காமை அமெரிக்காவுக்குப் பிடிச்சுக் கொடுக்க வசதியாத்தான் அப்போதைய பிரதமர் ஜான் கீ அவருக்குக் குடியிருப்பு உரிமை கொடுத்தார்னு சொல்ற, ஹாலிவுட் நிறுவனம் வார்னர் பிரதர்ஸோட 2010 ஈமெயில். அன்னைக்கே அது பத்திரிகையில வந்துடுச்சு, வார்னர் போலின்னு மறுத்துடுச்சு. மேடையில அதைப் பத்தி மூச்சே இல்ல. கேட்டா, நாடாளுமன்ற உரிமைக் குழுவுக்குப் போயிருக்குன்னு பதில். உளவுத்துறை மக்களைக் கண்காணிக்கிறது பத்தி கிரீன்வால்ட் சொன்னதுல சரக்கு இருந்துச்சு. யார் கவனிச்சா?

எண்சுவடி
டவுன் ஹாலை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். நியூசிலாந்து நாடாளுமன்றத்துக்குள் ஒரு கட்சி போக, கட்சிக்கென்று தனியாகப் போடும் ஓட்டில் 5% வேண்டும், அல்லது ஒரு தொகுதியாவது ஜெயிக்க வேண்டும். தொகுதி கையில் இருந்தால் 5% தடை கிடையாது, கட்சி ஓட்டுக்கு ஏற்ப இடம் கிடைக்கும். அதற்காகத்தான் மே மாதம், மாவோரி பழங்குடியினருக்காகப் பேசும் மானா கட்சியுடன் கூட்டு. மானா தலைவர் ஹோனே ஹராவிராவின் தே தை தோகெராவ் தொகுதிதான் உள்ளே போகும் கதவு. கூட்டணிக்குக் கிடைத்தது 34,094 ஓட்டு, 1.42%. ஹராவிராவோ லேபர் கட்சியின் கெல்வின் டேவிஸிடம் 743 ஓட்டில் தோற்றார். அந்தத் தொகுதி நின்றிருந்தால் அதே 1.42% இரண்டாவது இடத்தையும் கொடுத்திருக்கும், இன்டர்நெட் கட்சித் தலைவர் லைலா ஹாரே உள்ளே போயிருப்பார். டாட்காம் கொட்டியதோ சுமார் 35 லட்சம் டாலர்!

கடைசிபெஞ்ச்
நீங்க ரெண்டு பேரும் கடைசி வாரத்தையே பேசுறீங்க. ஜனவரியிலேயே சறுக்கல். ஆக்லாந்து வெக்டர் அரீனா அரங்குல இலவசப் பார்ட்டி வெச்சு கட்சியை அறிமுகப்படுத்துறதா திட்டம். இலவசக் கேளிக்கை கொடுத்து வாக்காளரை இழுக்கிறது தேர்தல் சட்டப்படி குற்றமாகலாம்னு பேச்சு வந்ததும் ரத்து. வக்கீலுக்குப் பஞ்சமில்லாத ஆளு, இதைக் கூடவா முன்னாடியே கேக்கல?

ஓரப்பார்வை
@எண்சுவடி, அந்த 743 வானத்துல இருந்தா விழுந்துச்சு? ஏழை மாவோரிகளுக்கான கட்சி கோடீஸ்வரர் காசுல போகுதுன்னு முன்னாள் எம்.பி. சூ பிராட்ஃபோர்டே மானாவை விட்டு விலகினாங்க. தன் பேர்தான் கட்சிக்கு விஷமாச்சுன்னு தேர்தல் ராத்திரி டாட்காமே ஒத்துக்கிட்டார். நீங்க அவருக்கு வக்காலத்து வாங்குறீங்க.

வழக்காடி
என்னைக் குடைவது ஜான் பேங்க்ஸ் விவகாரம். 2010 ஆக்லாந்து மேயர் தேர்தலில் நின்ற பேங்க்ஸுக்கு டாட்காம் கொடுத்தது 25,000 டாலர் வீதம் இரண்டு நன்கொடை. கணக்கில் பெயர் தெரியாதவர் கொடுத்ததாகப் பதிவு. 2014-இல் பொய்க்கணக்குக் காட்டியதாகத் தீர்ப்பு வந்து பேங்க்ஸின் எம்.பி. பதவியே போனது (மேல்முறையீட்டில் தீர்ப்பு ரத்தானது வேறு விஷயம்).

இணையத்தில் சம்பாதித்துவிட்டு நியூசிலாந்தில் கட்சி தொடங்க நினைப்பவர்கள் வரிசையை மாற்றக் கூடாது. முதலில் குடியுரிமை. நிரந்தரக் குடியிருப்பு இருந்தால் ஓட்டுப் போடலாம், பணம் தரலாம், ஆனால் வேட்பாளராக முடியாது. டாட்காம் மாட்டியது இங்கேதான். தானே நிற்க முடியாததால் தலைவரை வெளியிலிருந்து கொண்டுவந்தார், மேடையை மட்டும் விடவில்லை. அடுத்தது பதிவு: ஓட்டுரிமை உள்ள, சந்தா கட்டிய 500 உறுப்பினர்கள் வேண்டும். ஆன்லைனில் பட்டன் அமுக்கியவனெல்லாம் இதில் சேர்த்தி இல்லை. 2014-இல் 30,000 டாலருக்கு மேல் நன்கொடை வந்தால் பத்து வேலை நாளுக்குள் தேர்தல் ஆணையத்துக்குச் சொல்லியாக வேண்டியிருந்தது, அதனால் பெரிய செக் கொடுத்தவர் யார் என்று சீக்கிரமே செய்தியில் வந்துவிடும். அதற்குத் தயாராக இல்லாதவர் செக் எழுதவே கூடாது. கூட்டணி என்றால் வேட்பாளர் பட்டியலில் யாருக்கு எத்தனையாவது இடம் என்பதோடு நிறுத்தாமல், அந்தத் தொகுதியில் யார் வீடு வீடாகப் போவது என்பதையும் எழுதி வாங்குங்கள்.

கடைசிபெஞ்ச்
அண்ணே, அந்தக் கட்சியே 500 உறுப்பினர் இல்லாம 2018-ல பதிவு போயிடுச்சு. ஆளை அமெரிக்காவுக்கு அனுப்ப 2024 ஆகஸ்ட்ல அமைச்சர் கையெழுத்தும் போட்டாச்சு. இவ்வளவு ஆலோசனையும் யாருக்கு?