கன்ஃபார்மல் கோட்டிங்: கோட்டிங் இல்லாத இடமும் யூவி கேமராவில் மின்னுகிறது

லைன்_க்யூசி:
ஈரம், தூசியிலிருந்து காக்கும் அக்ரிலிக் கன்ஃபார்மல் கோட்டிங் (யூவியில் நீலமாக மின்னும்) அடித்த பிசிபிகளை, அதாவது சர்க்யூட் போர்டுகளை, 365 நானோமீட்டர் யூவி எல்இடி வெளிச்சத்தில், மேலே ஒரு கேமரா வைத்துச் செக் பண்ணுகிறோம். கனெக்டர் ஓரத்தில் கோட்டிங் படாத இடமும் நீலமாக மின்னி, நல்ல போர்டு ரிஜெக்ட் ஆகிறது. உயரமான கெபாசிட்டர் அடியில் கோட்டிங் இருந்தும் ‘இல்லை’ என்று காட்டுகிறது. திரெஷோல்டை (எவ்வளவு மின்னினால் கோட்டிங் என்று எடுக்கும் வரம்பு) ஏற்றினால் இது கூடுகிறது, இறக்கினால் அது கூடுகிறது. எங்கே கை வைப்பது?

விஷன்_செட்டப்:
திரெஷோல்டை விடுங்க, முதலில் வெளிச்சம். 365 எல்இடியிலிருந்து கொஞ்சம் ஊதா வெளிச்சமும் கசியும். அது சால்டரிலும் பின்னிலும் பட்டுத் தெறித்துக் கோட்டிங் மாதிரியே தெரியும். எல்இடி முன்னால் யூவியை மட்டும் விடும் கறுப்புக் கண்ணாடி ஃபில்டர், லென்ஸில் 420 நானோமீட்டருக்குக் கீழே தடுக்கும் லாங்பாஸ் ஃபில்டர், ரெண்டும் வேணும். கேமராவில் பிரகாசத்தைத் தானாக மாற்றும் ஆட்டோ கெயின், ஆட்டோ எக்ஸ்போஷர் இருந்தால் அணைச்சிடுங்க.

அப்புறம் கோட்டிங் அடிக்காத ஒரு போர்டை வைத்துப் பாருங்க. அப்பவும் மின்னினால் ஃப்ளக்ஸ் (சால்டரிங்குக்குப் பூசும் பொருள்) கறை, பார்கோடு லேபிள் காகிதம், பருத்திக் கையுறை நூல் இதில் ஏதோ ஒன்று. லேபிளை புரோகிராமில் மாஸ்க் பண்ணலாம், அதாவது அந்த இடத்தைப் பார்க்காமல் விடச் சொல்லலாம். ஃப்ளக்ஸை மட்டும் தயவுசெய்து மாஸ்க் பண்ணாதீங்க, அதன் மேல் கோட்டிங் சரியாகப் பிடிக்காமல் பின்னாடி உரியும். அடிக்காத போர்டில் இருட்டாக இருந்து, அடித்ததில் மட்டும் மின்னினால் அது பொய் ரிஜெக்ட் இல்லை. மெல்லிய கோட்டிங் கனெக்டர் இடுக்குக்குள் நிஜமாகவே இழுபட்டிருக்கு.

செலக்டிவ்_ஸ்ப்ரே:
கெபாசிட்டர் அடியில் நிழல். ஒரே பக்க விளக்கு போதாது, நாலு பக்கமும் சுமார் 45 டிகிரி சாய்வில் வையுங்க. ஆனால் பாகங்களின் கூரான மேல்விளிம்பு இருட்டாக இருந்தால் விளக்கைக் குறை சொல்ல வேண்டாம். ஈரக் கோட்டிங் பரப்பு இழுவிசையால் விளிம்பை விட்டு விலகி அடியில் தேங்கும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்த பிறகுதான் அந்த இடத்துக்குத் தனி திரெஷோல்டு.

லைன்_க்யூசி:
நன்றி. பிரகாசத்தை வைத்துத் தடிமனையும் கணக்கிடலாமா?

விஷன்_செட்டப்:
வேண்டாம். அடியில் போர்டில் அச்சடித்த வெள்ளை எழுத்து இருந்தால் அதே தடிமன் அதிகமாக மின்னும், கறுப்பு சால்டர் மாஸ்க்கில் (போர்டின் மேல்பூச்சு) மங்கும். கோட்டிங்கில் கலந்த, யூவியில் மின்னும் டிரேசர் அளவு மாறினாலும் பிரகாசம் மாறும். போர்டோடு சேர்த்து ஒரு அலுமினியத் தகடுக்கும் அதே கோட்டிங் அடித்து, நன்கு காய்ந்தபின் எடி கரண்ட் கேஜில் (உலோகத்தின் மேலுள்ள பூச்சின் தடிமனை அளக்கும் கருவி) அளங்க. அக்ரிலிக்குக்கு ஐபிசி-ஏ-610 (எலெக்ட்ரானிக் போர்டுகளின் தரநிலை) சொல்வது 30 முதல் 130 மைக்ரான். ஈரத்திலேயே தெரிய வேண்டுமானால் வெட் ஃபிலிம் சீப்பு (ஈரப் பூச்சில் பதித்துத் தடிமன் பார்க்கும் பல் தகடு) போதும்: கன அளவில் 25 சதவீதம் திடப்பொருள் உள்ள கோட்டிங் 200 மைக்ரான் ஈரமாக இருந்தால் காய்ந்தபின் 50.