போர் தண்ணியில் ஃபுளோரைடு 2.8: பிள்ளை பல்லில் கறை, என்ன செய்யலாம்?

காரிமங்கலம் அம்மா:
வணக்கம். என் பொண்ணுக்கு ஏழு வயசு. பால் பல் விழுந்து புதுசா முளைச்ச முன்பல் ரெண்டுலயும் குறுக்கே சுண்ணாம்பு இழுத்த மாதிரி வெள்ளைக் கோடு. ஒரு பல்லில் லேசா பழுப்பும் ஏறியிருக்கு. ஒழுங்கா பல் விளக்கறதில்லைன்னு ஸ்கூல்ல சொன்னாங்களாம், அழுதுகிட்டே வந்தா. அவ பிறந்ததிலிருந்து வீட்டு போர் தண்ணிதான் குடிக்கிறோம். 600 அடி போர். தெளிவான தண்ணி, பருப்பு நல்லா வேகும். ஃபில்டர் விற்க வந்தவர் டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்து, 420தான், அருமையான தண்ணின்னு சொன்னார். மனசு கேட்காம லேபுக்குக் கொடுத்தேன். ஃபுளோரைடுங்கிற உப்பு லிட்டருக்கு 2.8 மில்லிகிராம்னு வந்திருக்கு. கொதிக்க வச்சா போயிடுமா? மாமியாருக்கு முட்டி வலி, அதுக்கும் இதுதான் காரணமா?

ஓய்வுபெற்ற லேப் கெமிஸ்ட்:
அம்மா, முதல்ல பிள்ளைகிட்ட இது அவ தப்பு இல்லைன்னு சொல்லுங்க. முன்பல்லோட எனாமல், அதாவது பல்லோட கெட்டியான மேல் பூச்சு, ஈறுக்குள்ளயே நாலஞ்சு வயசுக்குள்ள உருவாகிடும். அப்போ குடிச்ச தண்ணிதான் இப்போ பல்லில் தெரியுது. எவ்வளவு தேய்ச்சாலும் போகாது.

இதுக்காகக் கொதிக்க வைக்காதீங்க. கிருமி சாகும், ஆனா ஃபுளோரைடு ஆவியாகாது. தண்ணி சுண்டச் சுண்ட லிட்டருக்கு உள்ள அளவு கூடத்தான் செய்யும். கேண்டில் ஃபில்டர், யூவி விளக்கு ஃபில்டர் ரெண்டும் இதைத் தொடாது. ஆர்ஓ எடுக்கும், ஆனா அதுக்குள்ள வடிகட்டுற மெம்பரேன் பழசானா பலன் குறையும். அதனால ஆர்ஓவிலிருந்து வர்ற தண்ணியையும் டெஸ்ட் பண்ணணும்.

டிடிஎஸ் மீட்டரை நம்பி ஏமாந்தவங்களை நிறைய பார்த்திருக்கேன், மனசு கொதிக்குது. கரைஞ்சிருக்கிற எல்லா உப்பையும் சேர்த்து அது ஒரே எண்ணாத்தான் காட்டும். 420க்குள்ள 2.8 எங்கே தெரியும்? நம்ம நாட்டுத் தரப்படி 1 வரைக்கும் இருக்கலாம், வேற தண்ணியே கிடைக்காத இடத்தில் 1.5 வரை. உங்களுது அதையும் தாண்டிடுச்சு.

பருப்பு நல்லா வேகுதுன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் எனக்கு உறுத்துது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பாறையில் ஃபுளோரைடு உள்ள கனிமங்கள் இருக்கு. தண்ணி ஆழத்தில் பாறையோட ரொம்ப நாள் கிடந்தா கரைஞ்சு வரும். தண்ணியில் கால்சியம் நிறைய இருந்தா அது ஃபுளோரைடைப் பிடிச்சுப் படிய வச்சிடும். பருப்பு நல்லா வேகுற, கால்சியம் கம்மியான தண்ணியில் அந்தத் தடுப்பு இல்லை. நாம நல்ல தண்ணின்னு கொண்டாடுற தண்ணியிலதான் பல தடவை இது ஒளிஞ்சிருக்கு.

லேபில் ஒரு சிவப்புச் சாயத்தை ஜிர்கோனியத்தோட சேர்த்து வச்சிருப்போம். சாம்பிளில் ஃபுளோரைடு இருந்தா ஜிர்கோனியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கும், சிவப்பு நம்ம கண் முன்னாடியே வெளிறும். எவ்வளவு வெளிறுதுன்னு கருவியில் அளந்து கணக்கு போடுவோம். எலக்ட்ரோடு வச்சும் பார்க்கலாம். கோடையில் ஒரு தடவை, மழைக்குப் பிறகு ஒரு தடவை கொடுங்க. பிளாஸ்டிக் பாட்டில்ல பிடிங்க, கண்ணாடி வேண்டாம்.

மாமியார் விஷயம்: ஃபுளோரைடு 3 முதல் 6 மில்லிகிராம் வரை உள்ள தண்ணியை வருஷக்கணக்கா குடிச்சா எலும்பில் சேரலாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. வயசானாலும் முட்டி வலிக்கும், அதை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது. கழுத்து விறைப்பா இருக்கா, தாடையை நெஞ்சில் தொட முடியுதா, குனிஞ்சு நிமிர முடியுதான்னு பாருங்க. டாக்டர்கிட்ட தண்ணி ரிப்போர்ட்டையும் காட்டி எக்ஸ்ரே கேளுங்க.

ஃபுளோரைடு அதிகமாகி பல்லும் எலும்பும் கெடுற இந்த ஃபுளோரோசிஸ் புது நோய் இல்லை. 1937லேயே அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இதைக் கண்டு எழுதியிருக்காங்க. இன்னும் நம்ம பிள்ளைங்க பல் விளக்கலைன்னு திட்டு வாங்குதுங்க.

பென்னாகரம் டீச்சர்:
அந்த டீச்சர் சார்பா நான் மன்னிப்பு கேட்கிறேன் அக்கா. என் வகுப்பிலும் இப்படிப் பல்லோட பிள்ளைங்க இருக்காங்க. போட்டோவுக்கு நின்னா வாயைப் பொத்திக்குவாங்க. சில வீட்டில் செங்கல்பொடி, உப்பு வச்சுத் தேய்க்க விடறாங்க. கறை போகாது, எனாமல்தான் தேயும், ஈறும் புண்ணாகும். தயவுசெஞ்சு செய்யாதீங்க.

பல் டாக்டர், சேலம்:
வெள்ளைக் கோட்டுக்கு இப்போ எதுவும் அவசரமில்லை. பழுப்பு மட்டும் மேலோட்டமா இருந்தா கிளினிக்கில் மெல்லத் தேய்ச்செடுக்கலாம், ஆழமா இருந்தா பல் நிறத்தில் பூசலாம். வீட்டில் பிளீச் வேண்டாம். பேஸ்ட் பட்டாணி அளவு போதும், விழுங்காம துப்பச் சொல்லுங்க.

காரிமங்கலம் அம்மா:
எல்லாருக்கும் நன்றி. தெருக்குழாயில் ஒகேனக்கல் தண்ணி வருது, ஆனா ஒருநாள் விட்டு ஒருநாள்தான். குடிக்க மட்டும் அதைப் பிடிச்சு வச்சா போதுமா? சின்னவனுக்கு ரெண்டு வயசு.

ஓய்வுபெற்ற லேப் கெமிஸ்ட்:
போதாதும்மா. சோறு, களி, குழம்பு எல்லாத்துக்கும் அதையே ஊத்துங்க. அரிசி தண்ணியை உறிஞ்சும்போது ஃபுளோரைடும் சேர்ந்துதான் வரும். 2013ல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததே இந்த நோயைத் தடுக்கத்தான். ஆனா சில ஊர்ல டேங்கில் போர் தண்ணியையும் கலந்து விடறாங்க, அதனால குழாய்த் தண்ணியையும் ஒருதரம் டெஸ்ட் பண்ணிடுங்க. சின்னவனோட பல் இப்போதான் உள்ளே உருவாகுது, அவனுக்கு இன்னைக்கே மாத்துங்க. கேழ்வரகு, முருங்கைக்கீரை, எள்ளு, பால் தாராளமா கொடுங்க. கால்சியம் இருந்தா உடம்பு ஃபுளோரைடை இழுக்கிறது குறையும். குளிக்க, துவைக்க போர் தண்ணியே போதும். ஆர்ஓ வாங்கினா கழிவுத் தண்ணியை மாட்டுக்கு வைக்காதீங்க, அதில் இன்னும் அதிகமா இருக்கும். மாட்டுக்கும் பல்லும் எலும்பும் கெடும்.