ஹெட்லைனுக்குத் தமிழ்: தலைவரி வேண்டாம், வேறு பார்ப்போம்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மென்பொருள் விற்கும் இணையப் பக்கத்தைத் திறந்ததும் மேலே பெரிய எழுத்தில் ஒரு வரி நிற்குமே, ஹெட்லைன், அதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் ‘தலைப்பு’ என்று போட்டு வைத்திருக்கிறோம். அதை மாற்ற வேண்டும். உலாவியின் தாவலில் தெரியும் டைட்டிலும் நமக்குத் தலைப்புதான். எச்டிஎம்எல்-இல் ஒன்று முதல் ஆறு வரை அடுக்கும் ஹெடிங்கும் தலைப்புதான். போன வாரம் எங்கள் அலுவலகத்தில் வடிவமைக்கும் தம்பியிடம் “தலைப்பை மாத்திருப்பா” என்றேன். தாவலில் இருந்ததை மாற்றிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். தப்பு அவர் மீது இல்லை.

குழுவில் ஒருவர் சொன்ன ‘தலைவரி’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திருவிதாங்கூரில் தலைக்கு இவ்வளவு என்று வாங்கினார்களே, அதற்கும் அதுதான் பெயர். ‘முகவரி’ கச்சிதமாகப் பொருந்தியிருக்கும், தபால்காரர் முந்திக்கொண்டார். ‘முகப்புவரி’ என்றால் மாநகராட்சி புதிதாக ஏதோ போட்டுவிட்டது என்று மதுரை கீழமாசி வீதியில் பதறுவார்கள்.

கீழமாசி வீதி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மளிகை மொத்தக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் எங்களுடையது. முதலில் பக்கத்தின் மேலே நான் எழுதியது: ‘உங்கள் வணிகத்தை அடுத்த கட்டத்துக்கு உயர்த்தும் ஒருங்கிணைந்த தீர்வு’. ஒரு கடை அண்ணாச்சியிடம் போனில் ஐந்து விநாடி காட்டிவிட்டு, மூடிவைத்து, இது என்ன என்று கேட்டேன். “இன்சூரன்ஸா தம்பி?” என்றார். ஒரு வாரம் உட்கார்ந்து எழுதிய வரி அது.

அப்புறம் அவரையே பேசவிட்டேன். மாதாமாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (ஜிஎஸ்டிக்கான விற்பனைக் கணக்கு) போட வேண்டும், அதற்கு முந்தின ராத்திரி கடையில் யாரும் தூங்குவதில்லை என்றார். புதிய வரி அவர் வாயிலிருந்தே வந்தது: ‘11-ஆம் தேதி ஜிஎஸ்டி. 10-ஆம் தேதி நிம்மதியாகத் தூங்குங்கள்.’ இதைக் காட்டியபோது அவர் எதுவும் சொல்லவில்லை, போனைக் கையில் வாங்கிக் கீழே தள்ளிப் படித்தார். எனக்கு அது போதும்.

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் ஆள் ஏற்றிவிடுபவர்களைக் கவனித்திருப்பீர்கள். “தேனி தேனி தேனி” என்றுதான் குரல் வரும். வண்டிக்கு எத்தனை குதிரைத்திறன், இருக்கை எவ்வளவு சாயும் என்று யாரும் கூவுவதில்லை. ஏறுகிறவருக்குப் போகிற ஊர்தான் முதலில் வேண்டும், மற்றதெல்லாம் ஏறி உட்கார்ந்த பிறகு. 2001-இல் ஐபாட் வந்தபோது (மென்பொருள் இல்லைதான், இருந்தாலும் சொல்கிறேன்) 5 ஜிபி வன்தட்டை முன்னால் நிறுத்தாமல் ‘உங்கள் பாக்கெட்டில் 1,000 பாடல்கள்’ என்றார்கள்.

எண்ணை மட்டும் சொன்னால் எடுபடாது என்றில்லை. 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் 1 ஜிபி என்று வந்தது. மற்ற இலவசப் பெட்டிகள் சில எம்பி மட்டும் தந்த காலம், வாரா வாரம் கடிதங்களை அழித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த எண்ணே போதுமானதாக இருந்தது. கேட்பவர் கையில் ஏற்கெனவே அளவுகோல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே என் முன்மொழிவு: ‘முகப்பு வாசகம்’. விளம்பர வாசகம், சுவர் வாசகம் எல்லாம் நாம் சொல்வதுதான். அதன் கீழே சின்ன எழுத்தில் ‘எப்படி’ என்று சொல்லும் வரிக்குத் ‘துணை வாசகம்’.

* * *

மறுமொழி, திருமங்கலத்திலிருந்து:

தம்பிக்கு, வாசகம் என்றால் எனக்குத் திருவாசகம் பாடிய திருவாதவூர்க்காரர்தான் நினைவுக்கு வருகிறார். அந்தச் சொல்லை மளிகைக்கடை பில்லுக்கு இழுக்க மனம் வரவில்லை. அது வயதுக் கோளாறாக இருக்கலாம், விடுங்கள். ‘விளி’ என்று வைத்தால் என்ன? எட்டாம் வேற்றுமை. இரண்டே எழுத்து. வந்தவரை நேரே கூப்பிடுகிறது. உங்கள் ஆரப்பாளையக் குரலும் விளிதானே?

* * *

முன்மொழிந்தவரின் மறுமொழி, இலந்தைக்குளத்திலிருந்து:

ஐயா, வணக்கம். ‘விளி’ இரண்டு நாளாக மனதில் ஓடிக்கொண்டிருந்தது. சுருக்கம் என்ற அளவில் அதை வெல்ல முடியாது. இடிக்கிற இடம் ஒன்றுதான். விளி, ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது: மகனே, அரசே. பேருந்துக்காரர் ‘பயணியே’ என்று கூவுவதில்லை, ‘தேனி’ என்கிறார். ஆளை விட்டுவிட்டு ஊரைச் சொல்கிறார். நல்ல ஹெட்லைனும் அப்படித்தான். பக்கத்தில் கூப்பிடுகிற வேலையைச் செய்வது ‘இலவசமாகத் தொடங்குங்கள்’ என்ற பொத்தான், அதற்குச் ‘செயலழைப்பு’ என்று வைத்திருக்கிறோம். இரண்டு பேர் கூப்பிட்டால் தம்பி மறுபடியும் சாப்பிடப் போய்விடுவார். விளிதலுக்கு இறத்தல் என்ற பொருளும் உண்டென்று நீங்களே பாடம் நடத்தியிருப்பீர்கள். புதுப் பொருளை அந்தச் சொல்லோடு வெளியிட எங்கள் முதலாளி ஒப்புக்கொள்ள மாட்டார்.

திருவாதவூர்க்காரர் விஷயத்தில் எனக்கும் கொஞ்சம் உறுத்தல் இருக்கிறது. ஆனால் டீக்கடைச் சுவரில் ‘கடன் அன்பை முறிக்கும்’ என்று எழுதியிருப்பதையும் வாசகம் என்றுதான் சொல்கிறோம்.

ஞாயிறு வரை வேறு மறுப்பு வராவிட்டால் ‘முகப்பு வாசகம்’ என்று பட்டியலில் ஏற்றுகிறேன். டேக்லைனுக்கு, அதாவது நிறுவனப் பெயரோடு ஒட்டி வரும் வரிக்கு, ‘முழக்கம்’ என்று இருப்பதைத் தனி இழையில் பேசுவோம். கட்சி ஊர்வலம் மாதிரி இருக்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள்.