மதிப்புரையில் அந்த அரை வரி தேவையா?

அரைப்புள்ளி:
நேற்றுதான் ஷோல்சேயின் மதிப்புரையை முழுதாகப் படித்தேன். தெரியாதவர்களுக்குச் சுருக்கம்: ஏபிசி அனுமானத்தை (a + b = c என்று வரும் முழு எண்களின் பகாக் காரணிகளைப் பற்றிய ஒரு ஊகம்) நிறுவிவிட்டதாக ஜப்பானியக் கணிதர் ஷினிச்சி மோச்சிசுகி 2012ல் நான்கு கட்டுரைகள் வெளியிட்டார், ஐந்நூறு பக்கங்களுக்கு மேல். 2021ல் அவை அச்சேறின. அவற்றுக்கு, கணிதக் கட்டுரைகளின் மதிப்புரைகள் வரும் இசட்பிமேத் தளத்தில், ஜெர்மானியக் கணிதர் பீட்டர் ஷோல்சே எழுதியது இது. இரண்டாம், மூன்றாம் கட்டுரைகளில், முழு நிறுவலும் தொங்கிக்கொண்டிருக்கும் கிளைத்தேற்றம் 3.12ஐ விட்டால், எந்த நிறுவலும் சில வரிகளைத் தாண்டவில்லை என்கிறார். எல்லாம் "வரையறைகளிலிருந்து உடனே கிடைக்கிறது" ரகமாம். சரி, அதோடு நிறுத்தியிருக்கலாம். உள்ளே இருக்கும் கணிதத்தின் அளவுக்கு அது பொருத்தம்தான் என்று அரை வரி சேர்க்கிறார். வருடக்கணக்கில் உழைத்தவரை இப்படிக் குத்த வேண்டுமா?

சல்லடை:
ஷோல்சே உட்கார்ந்த இடத்திலிருந்து எழுதவில்லையே. 2018 மார்ச்சில் இன்னொரு கணிதர் ஷ்டிக்ஸோடு கியோட்டோவுக்குப் போய், மோச்சிசுகியிடமே நாள்கணக்கில் பேசிவிட்டு வந்தவர். இடறும் இடத்தையும் காட்டினார்: 3.12ல் மெய்யெண்களின் பல நகல்கள் வருகின்றன; அவற்றை முரணில்லாமல் ஒன்றோடொன்று பொருத்தினால், வரவேண்டிய அசமன்பாட்டில் சாரமே மிஞ்சாது. நீங்கள் புரிந்துகொள்ளவில்லை, அளவுக்கு மீறி எளிமையாக்கிவிட்டீர்கள் என்பதுதான் அந்தப் பக்கத்துப் பதில். அதன்பிறகும் கட்டுரை அச்சாகிறது, அதுவும் மோச்சிசுகியே அப்போது தலைமை ஆசிரியராக இருந்த இதழில். பூப்போல எழுதினால் யார் காதில் விழும்?

அரைப்புள்ளி:
இதழ் விஷயத்தில் நியாயமாகப் பேசுங்கள். அவர் ஒதுங்கிக்கொண்டார், தனிக் குழுதான் முடிவெடுத்தது.

பூப்போல எழுதினால் காதில் விழாதா? நான்கு நிறச் சிக்கலைப் பாருங்கள்: எந்த வரைபடத்திலும் ஒட்டியிருக்கும் நாடுகளுக்கு வேறு வேறு நிறம் தர நான்கு நிறம் போதுமா என்ற கேள்வி. கெம்பி 1879ல் தந்த நிறுவலை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு நாட்டைச் சுற்றி ஐந்து நாடுகள், நான்கு நிறமும் தீர்ந்துவிட்டது என்று வையுங்கள். கெம்பி இரண்டு சங்கிலிகளில் (இரு நிறங்கள் மட்டுமே கொண்ட, ஒட்டி ஒட்டி வரும் நாடுகளின் தொடர்) நிறத்தை மாற்றி ஒரு நிறத்தை விடுவிக்கிறார். தனித்தனியே பார்த்தால் இரண்டு மாற்றமும் சரி. இரண்டையும் சேர்த்துச் செய்தால், ஒட்டியிருக்கும் இரண்டு நாடுகள் ஒரே நிறமாகிவிடலாம். 1890ல் ஹீவுட் ஒரு வரைபடத்தை வரைந்து இதைக் காட்டினார். என் கட்டுரை கட்டுவதைவிட இடிப்பதுதான் அதிகம் என்று சங்கடப்பட்டுக்கொண்டே எழுதினார். ஆனாலும் கெம்பியின் சங்கிலியையே வைத்து ஐந்து நிறம் போதும் என்று நிறுவிக் கொடுத்தார். குத்தல் எங்கே இருக்கிறது இதில்?

வகுமீதி:
இடையில் ஒன்று. ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்துக்கு 1908ல் ஒரு லட்சம் மார்க் பரிசு அறிவித்ததும் 'நிறுவல்கள்' குவிந்தன. கணிதர் லண்டாவ் ஒரு படிவமே அச்சடித்து வைத்திருந்தாராம்: "முதல் தவறு இத்தனையாம் பக்கம், இத்தனையாம் வரி." எண்ணை நிரப்புவது மாணவர் வேலை. மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை. எனக்கு அதுதான் பிடிக்கும் :)

சல்லடை:
ஹீவுட்டுக்கு ஒரு வரைபடம் போதும், கெம்பியும் ஒப்புக்கொண்டார். இங்கே வரியைக் காட்டியும் ஒப்புக்கொள்ளாதவரிடம் என்ன செய்வது? ஃபெர்மாவின் அந்தத் தேற்றத்தை நிறுவிய வைல்ஸுக்கும் 1993ல் நடுவர் கேள்விதான் ஓட்டையைக் காட்டியது. அவர் மறுக்கவில்லை. தன் பழைய மாணவர் டெய்லரோடு உட்கார்ந்து 1994 செப்டம்பரில் அடைத்தார்.

இன்னொன்று. கடுமையான மதிப்புரை யாரையும் கொல்லாது, மௌனம்தான் கொல்லும். ஹீக்னர் 1952ல் வகுப்பெண் ஒன்றுச் சிக்கலை (எண்கோட்பாட்டில் காஸ் காலத்துக் கேள்வி) தீர்த்துக் கட்டுரை போட்டார். ஓட்டை இருக்கிறது என்று ஒதுக்கிவிட்டார்கள். 1965ல் இறந்தும் போனார். 1967ல் ஸ்டார்க் சொந்தமாக நிறுவினார். அப்புறம் அவரே ஹீக்னரின் கட்டுரையை எடுத்துப் பார்த்து, ஓட்டை அடைக்கக்கூடியதுதான் என்று காட்டினார். அன்றைக்கு யாராவது கோபத்தோடாவது வரிவரியாகக் கிழித்திருந்தால், மனிதர் உயிரோடு இருக்கும்போதே அது தெரிந்திருக்கும்.

அரைப்புள்ளி:
அந்த உதாரணம் என் பக்கம்தான் வருகிறது. ஹீக்னரை ஏன் யாரும் திறந்து பார்க்கவில்லை? "அது தேறாது" என்ற பேச்சு முன்னாலேயே பரவிவிட்டது. பெரிய ஆள் ஒருவர் "உள்ளே சரக்கு இவ்வளவுதான்" என்றால், நாளைக்கு எந்த ஆராய்ச்சி மாணவர் அந்த ஐந்நூறு பக்கத்தைத் தொடுவார்? 3.12 பற்றிய பகுதியில் எனக்குச் சண்டையே இல்லை. அது வாதம், பதில் சொல்லலாம். அந்த அரை வரிக்கு எப்படிப் பதில் சொல்வது?

வகுமீதி:
சல்லடை, நேராகக் கேட்கிறேன். அதை வெட்டினால் மதிப்புரையில் என்ன குறையும்?

சல்லடை:
கணிதம் எதுவும் குறையாது, சரி. ஆனால் அது இல்லையென்றால் அரைப்புள்ளி 3.12 பற்றி இங்கே பேச்செடுத்திருப்பாரா?

அரைப்புள்ளி:
எடுத்திருக்க மாட்டேன். ஆனாலும் வெட்டுவேன்.